காந்த மோட்டாரும் கிணற்றுப் பாசனமும்

கீழப்பாவூர்ப் பகுதிக் குடியானவர்களுக்குக் குளம் வற்றிய மாதங்களில் கிணறே கதி என்பது யாவரும் அறிந்ததே. மின் இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் சிலர், "மின்சாரமும் டீசலும் இல்லாமல் காந்தத்தாலேயே ஓடும் மோட்டாரைக் கிணற்றில் வைக்கலாமாமே?" என்று நம்மிடம் வினவுகின்றனர். இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயம் யாதெனில், காந்த மோட்டார் ஒன்றை வீட்டில் செய்து பார்ப்பது நன்று. அது தானே ஓடுமென நம்பிப் பணம் கொடுப்பது தீது.

செய்வது கடினமன்று. எளிதில் சுழலும் சிறு சக்கரத்தின் விளிம்பில் நான்கு நிலைக்காந்தங்களை, ஒரே துருவம் வெளிநோக்குமாறு, சம இடைவெளியில் பதிக்க வேண்டும். இரும்பு ஆணி ஒன்றின்மேல் எனாமல் பூசிய செப்புக்கம்பியைச் சில நூறு சுற்றுகள் சுற்றி, விளிம்புக்கருகே அசையாமல் நிறுத்த வேண்டும். இதுவே மின்காந்தம். ஒவ்வொரு காந்தமும் ஆணிக்கு நேரே வந்த கணத்தில் டார்ச் செல்லின் மின்சாரம் சுருளிற் பாய்ந்து காந்தத்தைத் தள்ளவும், காந்தம் விலகியதும் நிற்கவும், அச்சில் ஒரு தொடுமுனை அமைத்தல் அவசியம்.

இனிச் செல்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுக. காந்தம் ஆணியை நோக்கி ஆவலுடன் வரும். ஆனால் கடந்து போகையில் அதே ஆணி அதைப் பின்னிழுக்கும். வரும்போது பெற்ற வேகத்தைப் போகும்போது இழந்து, சக்கரம் விரைவில் நின்றுவிடும். ஆகவே சுழற்றியது செல்லின் சக்தியே. காந்தம் அதை வாங்கிச் சுழற்சியாக மாற்றித் தந்தது, அவ்வளவே.

கிணற்றின் கணக்கையும் பார்ப்போம். 10,000 லிட்டர் நீரை 60 அடி உயர்த்த, நஷ்டம் எதுவுமில்லாவிடினும், ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலை வேண்டும். நல்ல சிறு டார்ச் செல்லில் இருப்பது ஏறக்குறைய 3 வாட் மணி. அவ்வேலைக்கு நூற்றறுபதுக்கு மேற்பட்ட செல்கள் தேவை! கமலை இழுத்த மாட்டுக்கும் தீனி வேண்டியிருந்தது. எந்த யந்திரமும் இதற்கு விலக்கன்று.

மின்சாரமும் காந்தமும் கூடிச் சுழற்சி தரும் என்பதை 1821இல் ஃபாரடே காட்டினார். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின், 1937இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினர். அதுவும் மின்சாரத்தால் ஓடியதே. நம் பக்கத்துப் பாபநாசத்தில் 1944இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே விழும் நீரே அதற்கான விலையைக் கொடுக்கிறது.

நிலைக்காந்தத்தால் பிரயோஜனம் இல்லையென்று சொல்லவில்லை. சூரியசக்திப் பம்புகள் பலவற்றில் நிலைக்காந்த மோட்டார்கள் உள்ளன. அவை மின்சாரம் வீணாவதைக் குறைக்கின்றன, மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இணைப்புக்குக் காத்திருப்போர் வேளாண்மைப் பொறியியல் துறையில் சூரியசக்திப் பம்பு மானியத்தைப் பற்றி விசாரிப்பதே அனுகூலம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தானே ஓடும் மோட்டாரென்று எவரேனும் விற்க வந்தால், ஊரார் முன்னிலையில் பரீட்சை வைக்கவேண்டும். யந்திரத்தின் பெட்டியைத் திறந்து, பாட்டரி யாவற்றையும் கழற்றி, ஒரு கிணற்றிலிருந்து அளவிட்ட தொட்டியில் நாள் முழுதும் நீர் இறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் எவரும் முன்பணம் கொடுக்கலாகாது. பள்ளிக்கூடங்களில் மேற்சொன்ன சிறு மோட்டாரைப் பிள்ளைகளே செய்ய உதவுங்கள். செல்லைக் கழற்றியதும் சக்கரம் நிற்பதைக் கண்ட பிள்ளை, நாளை தன் தகப்பனார் முன்பணம் எண்ணுமுன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும்.