வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை

மணமான மாப்பிள்ளை பெண் வீட்டிலே குடிபுகுவது நமது மட்டக்களப்பு வழக்கம். அவர் வந்த புதிதில் கிணற்றுக் கயிறு அறுந்தாலும், "இவர் கால் வைத்த வேளை" என்று சொல்வோர் உண்டு. அக்கயிறு ஆறு மாதமாக இற்றுக்கொண்டிருந்ததை ஒருவரும் நினைப்பதில்லை. கணினிக்குள் புதிதாகப் புகும் வரைகலை அட்டையின் கதியும் இதுவே.

சென்ற மாதம் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனும் அவன் தாயாரும் கல்லடியிலிருந்து ஓட்டோவில் ஒரு கணினியைக் கொண்டுவந்தனர். மகன் முப்பரிமாணச் சித்திரம் பயில்வதற்கென, இடியப்பம் அவித்து விற்றுச் சீட்டுக் கட்டிய பணத்தில் பாவித்த வரைகலை அட்டை ஒன்றை அந்த அம்மையார் வாங்கிக் கொடுத்திருந்தார். பூட்டியதும் திரை இருண்டுவிட்டது. அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் ஒத்துவராது, பலகையை மாற்றவேண்டும் என்று கடைக்காரர் கூறிவிட்டாராம். "காப்பை அடகு வைக்கத்தான் வேணுமா, சேர்?" என்று அவர் வினவியபோது நமக்கு மனம் பொறுக்கவில்லை.

நாமும் முதலில் மோதல் என்றே எண்ணினோம். மாணவப் பருவத்து அனுபவம் நம்மை அவ்வாறு எண்ண வைத்தது. அக்காலக் கணினிகளில், செயலியின் கவனத்தை அழைப்பதற்கு 16 வழிகளே இருந்தன. இரு அட்டைகள் ஒரே வழியைப் பற்றிக்கொண்டால் இரண்டும் முடங்கும். ஒடுங்கிய பழைய கல்லடிப் பாலத்தில் எதிரெதிரே இரு வாகனங்கள் ஏறிவிட்ட நிலைதான்! 1995 இல் வின்டோஸ் 95 உடன் பரவிய முறையினால் கணினி தானே அவ்வழிகளைப் பங்கிடத் தொடங்கியது. 2013 இல் கல்லடியில் அகன்ற புதுப்பாலம் திறந்தது போல, இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் அந்த நெருக்கடி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதனை மறந்து, ஒரு மாலை முழுவதும் பயாஸ் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தோம்.

"சேர், திரையின் வயர் பழைய இடத்திலேயே இருக்குது" என்றான் மாணவன். மெய்தான்! புது அட்டை வந்ததும் தாய்ப்பலகையின் காட்சி வாயில் அடைபட்டிருந்தது. வயரோ அங்கேயே செருகியிருந்தது. அதனை அட்டையில் மாற்றிச் செருகியதும் படம் தெரிந்தது. கற்பிப்பவர் அன்று கற்றுக்கொண்டோம்.

ஆயினும், கனத்த சித்திரம் ஒன்றைத் திறந்தவுடன் கணினி அணைந்தது. இம்முறை நாம் அவசரப்படவில்லை. அட்டையைக் கழற்றினோம், கணினி செவ்வனே ஓடியது. நண்பர் ஒருவரின் கணினியில் அட்டையைப் பூட்டினோம், அங்கும் குறையில்லை. எஞ்சியது மின்வழங்கி. அதன்மேல் ஒட்டிய தாளில் 250 உவாற்று என்றிருந்தது. அட்டையைச் செருகும் இடம் தரக்கூடியது 75 உவாற்று. ஆறு ஊசிச் செருகி தருவது இன்னுமொரு 75. ஆகவே அட்டை ஒன்றே 150 உவாற்று வரை கேட்கலாம். மூப்படைந்த வழங்கி எப்படித் தாங்கும்? வலுக் கூடிய வழங்கி ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினோம். சித்திரம் திறந்தது, கணினி அணையவில்லை.

வாசகர்கள் மனங்கொள்ள வேண்டியவை சில. மின்னைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் குணமானது எதனால் என்று தெரியாது. முதலில் வயர், அடுத்து மின்வலு, அதன்பின் இயக்கி மென்பொருள் என்ற ஒழுங்கில் பார்ப்பது நலம். பழைய அட்டையின் இயக்கியை நீக்கிவிட்டே புதியதைப் பதிய வேண்டும். நமது வாவிக்கரை உப்புக்காற்றில் அட்டையின் தொடுமுனைகள் மங்குவதுண்டு. மெல்லிய அழிறப்பரால் இலேசாகத் துடைக்கலாம். இவற்றுக்குப் பின்னும் வின்டோஸின் சாதனப் பட்டியலில் 12 என்ற பிழைக் குறி தோன்றினால், அப்பொழுது மோதலை ஐயுறலாம்.

புது வழங்கிக்கு, தாய்ப்பலகைக்குக் கேட்ட பணத்தில் ஒரு பங்கே செலவாயிற்று. அம்மையாரின் காப்பு கையிலேயே இருக்கிறது. புதிதாக வந்தவரைக் குறைகூறுமுன், கிணற்றுக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போமாக.