நம் கூரையில் விழும் வெயில் எவருக்கு?

எரிபொருளின் அருமையைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பண்டங்களாயின. மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், ஜாம் போத்தல் விளக்கிலே பாடம் படித்தும் ஒரு தலைமுறையே வளர்ந்தது. பின்னர் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாடு முழுவதுமே எரிபொருள் நிலைய வாசலில் வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. கிணற்றில் நீர் இருந்தும் இறைக்க வகையின்றி நின்ற தோட்டக்காரரின் துயரை நாம் மறந்துவிடவில்லை.

இத்தனையும் பட்ட பின்னரும் நம் கூரைமீது நாள்தோறும் இலவசமாக விழும் வெயிலை நாம் முறையாகப் பயன்படுத்துகின்றோமா? இதுவே இன்று நாம் எழுப்பும் வினா.

2016ஆம் ஆண்டிலே அரசு தொடங்கிய சூரிய மின்திட்டத்தின்கீழ், மிகுதி மின்சாரத்துக்கு முதல் ஏழாண்டுகள் அலகுக்கு 22 ரூபாவும், பின்னர் 15 ரூபா 50 சதமும் என இருபதாண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அப்போது சேர்ந்தோர் பலருக்கு அந்த ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. அதே ஓர் அலகை மின்சாரக் காரில் ஏற்றினால் கார் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் ஓடும். சிறிய பெற்றோல் கார் அத்தூரம் ஓட அரை லீற்றர் வரை வேண்டும். அந்தப் பெற்றோலின் விலை என்ன, 15 ரூபா 50 சதம் என்ன? கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கட்டும். நம் வெயிலை மலிவாக விற்று, பிறநாட்டு எண்ணெயை உயர்விலைக்கு வாங்குவது எந்தப் பொருளாதாரம்?

ஐந்து கிலோவாற் மின்தகடுகள் நம் பகுதியிலே நாளொன்றுக்குச் சராசரி இருபது அலகு தரும். அது நூற்றிருபது கிலோமீற்றர் பயணத்துக்குப் போதும். இதற்கெனப் பெரிய மின்னேற்றும் கருவியை வாங்கிப் பொருத்த வேண்டுமென்பதும் இல்லை. வீடுகள் பலவற்றுக்கு வரும் 30 அம்பியர் ஒற்றைத்தள இணைப்பு, ஏழு கிலோவாற் கருவியைத் தாங்காது. மும்முனை இணைப்பு அதற்கு வேண்டும். ஆயின் 10 அம்பியரில் எட்டு மணி நேரம் பொறுமையாக ஏற்றினாலே பதினெட்டு அலகு சேர்ந்துவிடும். தனி வயரும், நல்ல புவித்தொடுப்பும், கசிவைக் கண்டவுடன் அறுக்கும் ட்ரிப் சுவிச்சும் இன்றி இதனைச் செய்தல் ஆகாது. தகுதிபெற்ற மின்பணியாளரையன்றி வேறெவரையும் இதில் நம்புதல் கூடாது.

இன்னொன்றையும் விற்பனையாளர் பலர் சொல்வதில்லை. பொதுமின்சாரம் நின்றால் சாதாரண சூரிய இன்வேட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்வோரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் வண்டியை ஏற்ற விரும்புவோர் பற்றரியோடு இயங்கும் இன்வேட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் ஒவ்வொரு பிரிவையும் வாசியுங்கள். விலை எத்தனை ஆண்டுக்கு, பழுதுக்கு யார் பொறுப்பு, வாய்மொழியாகச் சொன்னவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஒப்பமிட்ட பின் நியாயம் தேடி அலைவோரைச் சட்டத் தொழிலிலே நாம் போதுமான அளவு கண்டிருக்கின்றோம்.

எனினும் வெயில் எரிக்கும் நண்பகலில் வைத்தியரின் காரும் ஆசிரியரின் மோட்டார்ச் சைக்கிளும் வீட்டில் நிற்பதில்லை. அவை வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் நிற்கின்றன. மாலை வீடு திரும்பி, ஆறரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையே, நாட்டின் மின்தேவை உச்சமடையும் வேளையில் வண்டியை ஏற்றினால் சூரியனுக்கும் நமக்கும் தொடர்பே இல்லாது போகும். ஆகவே வீட்டுக் கூரையிலும் முக்கியமானது தொழிலகக் கூரை. கடைக்காரரும், அரிசி ஆலை உரிமையாளரும், அலுவலகம் நடத்துவோரும் முதலில் இதனைச் சிந்திக்க வேண்டும்.

2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, கூரை மின்னுற்பத்தியைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. தேவை குறைந்து உற்பத்தி மிகுந்தமையே காரணம். பகலில் மின்சாரம் மிஞ்சுகின்றது; அதே பகலில் வீதியிலே இறக்குமதி எண்ணெய் எரிகின்றது! பகலில் வண்டி ஏற்றுவோருக்குச் சலுகை விலையும், பொது இடங்களில் மின்னேற்றும் வசதியும், மும்முனை இணைப்பைத் தாமதமின்றி வழங்கும் முறையும் ஏற்படுத்துவது அரசின் கடமை. இதனை நாம் யாசகமாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கின்றோம்.

"இது பணக்காரரின் விளையாட்டன்றோ?" என உழவர் வினவலாம். அவ்வினாவில் நியாயமுண்டு. புதிய காரின் விலையும் வரியும் சாமானியருக்கு எட்டாதவை. ஆனால் மின்சார மோட்டார்ச் சைக்கிளுக்கு ஒருமுறை ஏற்ற இரண்டு மூன்று அலகே போதும். மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றும் முச்சக்கர வண்டிக்கும் காருக்கு வேண்டிய அளவு வேண்டியதில்லை. தனியொருவரால் இயலாததைச் சங்கம் செய்யட்டும். மூளாயிலே கூட்டுறவால் ஒரு வைத்தியசாலையையே நிறுவிய மக்கள் நாம். சந்தைக் கட்டடத்தின் கூரையிலும், கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தின் கூரையிலும் மின்தகடுகள் பதித்து, உறுப்பினரின் வண்டிகளுக்கு நியாய விலையில் மின்னேற்ற நம்மால் இயலாதா?

கப்பல் வரும்வரை காத்திருந்த காலமும், தடை நீங்கும்வரை காத்திருந்த காலமும் போதும். சூரியனுக்குத் தடை விதிக்க எவராலும் இயலாது. அதன் பயனைப் பெறாது வாளாவிருந்தால், குறை கூறுவதற்கு நம்மையன்றி வேறெவரும் இரார். ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இப்பொருள் விவாதிக்கப்படுவதாக!