மீட்சி தரும் பாட்டு

பாப் பாடல் ஆடுவதற்கு மட்டுமே உரியது, அதில் கருத்தைத் தேடுவது வீண் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. மனத்தின் சுமையை இறக்கி வைக்கும் ஆற்றல் சில பாடல்களுக்கு உண்டு.

மீட்சி இருவகைப்படும். தவறு செய்தவர் வருந்தித் திருந்துவது ஒன்று. தவறேதும் செய்யாதவர், பிறர் தம்மீது சுமத்திய வெட்கத்தை உதறித் தம்மைத் தாமே ஏற்றுக்கொள்வது மற்றொன்று. பெரியபுராணத்து நந்தனார் தவறேதும் செய்தாரில்லை. ஆயினும், தீயில் மூழ்கி வேறு வடிவம் பெற்ற பின்னரே அவர் தில்லைக் கோயிலுக்குள் செல்கிறார். இக்காலப் பாடல்கள் சில, வடிவத்தை மாற்றிக்கொள்ளாமலேயே தலைநிமிரலாம் என்கின்றன.

2021 மார்ச்சு மாதம் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ அத்தகையது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு இதன் வரிகளை எழுதி, பாடகி தீயுடன் இணைந்து பாடினார். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. நிலமற்ற அம்முன்னோரின் உழைப்பை மறைக்காமல், ஒப்பாரியின் சாயலும் துள்ளலும் கலந்து அப்பாடல் கொண்டாடியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டனர்.

1968இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன், கறுப்பினத்தவராய் இருப்பதில் பெருமை கொள்ளும் பாடலொன்றை வெளியிட்டார். அதில் அவருக்கு மறுமொழியாகக் குரல் கொடுத்தவர்கள் சிறுவர்களே.

மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ்ச் சிறுவர்க்கும் இக்கருத்து உரியது. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தமிழ் மரபினர் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றனர். தாத்தாவின் தொழிலைப் பள்ளியில் கூறக் கூசும் குழந்தை எத்தவறும் செய்யவில்லை. ‘பாண்டி’ என்று கேலி செய்யப்படும் குழந்தையும் அத்தகையதே. மதுரையை ஆண்ட மன்னர்தம் நாட்டின் பெயரே அது. கேலியில் உள்ள இழிவு சொல்லுபவரைச் சாரும், கேட்பவரைச் சாராது.

பாடல் கூலியை உயர்த்தாது, நிலத்தையும் வழங்காது. தன்னை ஏற்றுக்கொள்வது குறைகளைத் திருத்த மறுப்பதும் ஆகாது. ஆனால், வெட்கத்தால் வாய் மூடியிருப்பவரால் தம் உரிமையைக் கேட்க இயலாது. முன்னோரின் பெயரையும் தொழிலையும் உரக்கச் சொல்லக் கற்பதே முதற்படி. அதனைக் கற்றுத் தரும் பாடல், ஆடுவதற்கு உரியதாயினும், பாடமாகவும் கொள்ளத்தக்கது.

சிந்தித்து எழுதுக

1. மீட்சியின் இருவகைகள் யாவை?
2. உம் தாத்தா, பாட்டி செய்த தொழிலை அவர்களிடமே கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.