அரிசிக்குக் கணக்கு உண்டு, அளந்த கைக்கு இல்லை

மிசோரம் கிறிஸ்தவத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘பூஃபாய் தாம்’ என்னும் பிடியரிசிக் காணிக்கை தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. திருச்சபை மேடைகளில் அது ஏழையின் தாராளத்துக்குச் சான்று. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் அது மிஷனரி ஒழுங்குபடுத்தலுக்குச் சான்று. இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாக எண்ணிக்கொள்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டுக்கும் அரிசி தேவைப்படுகிறது. அதை அளந்தெடுத்த பெண்ணின் தீர்மானம் தேவைப்படவில்லை.

நடைமுறை எளியது. உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், சமைப்பதற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவர். சபையின் பெண்கள் சங்கத்தார் வீடுவீடாகச் சென்று அதைச் சேகரிப்பர். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு ஊழியத்துக்கான பணமாகும். 1910இல் லுஷாய் மலைப் பகுதியின் பிரெஸ்பிட்டேரியன் சபையில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் நிற்கவில்லை. இன்று அதன் வழியே ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் திரள்கிறது. தமிழகத் திருச்சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை அறியப்படாத ஒன்றன்று. ஆனால் ஒரு சமூகம் முழுவதன் சமய வாழ்வுக்கும் அது நிதி அடித்தளமானது மிசோரத்தில்தான்.

அந்த 1910ஆம் ஆண்டையே எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர் இருபதுக்கும் குறைவு. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே எழுந்து, மேலைநாட்டு மிஷனரிகளிடம் பணத்தையும் தியாகத்தையும்விட நட்பையே வேண்டினார். திருச்சபை வரலாறு அந்த மாநாட்டையும் அந்த உரையையும் முறையாகவே நினைவில் வைத்திருக்கிறது. அதே ஆண்டில் அந்நிய நிதியைச் சாராத ஒரு திருச்சபைக்கு மலைக் குடிசைகளின் அடுப்படியில் அடித்தளம் இடப்பட்டது. அது பெரும்பாலான பொது வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பு. பல நூல்களில் அதுவும் இல்லை.

திருச்சபைத் தரப்பின் வாசிப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ‘ஏழைகளே இவ்வளவு கொடுக்கும்போது வசதி படைத்தோர் ஏன் கொடுக்கலாகாது?’ என்பதே அதன் சாரம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏழை விதவை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டவள். அப்பகுதி 41ஆம் வசனத்தில் தொடங்குவதாகவே பிரசங்கங்கள் பாவிக்கின்றன. ஆனால் 38 முதல் 40 வரையிலான வசனங்களில் இயேசு கண்டிப்பது விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை. அந்தக் கண்டனம் முடிந்த உடனே அந்த விதவை வருகிறாள். அவளைப் புகழ்வதற்கு முன், அவளிடம் மிஞ்சியது இரண்டே காசாக ஆனது எப்படி என்னும் கேள்வியைச் சுவிசேஷகர் எழுப்பிவிட்டார். அக்கேள்வியை நீக்கிவிட்டுக் காசை மட்டும் போற்றுவது அந்த அதிகாரத்தைப் பாதியாக அறுப்பதாகும்.

இந்த அறுப்புக்கு ஒரு விலை உண்டு. பிடியரிசி திருச்சபையைத் தாங்கியது என்று பெருமையோடு சொல்லும் அதே மிசோ பிரெஸ்பிட்டேரியன் சபையில், 20ஆம் நூற்றாண்டு முழுவதும் ஒரு பெண்ணும் போதகராக அபிஷேகம் பெறவில்லை. பெண்ணின் அறிவு ஊர்ச் சுனையைத் தாண்டாது என்னும் கருத்தில் ஒரு மிசோ முதுமொழி உண்டு. பெண்கள் எடுத்துவைத்த அரிசி சுனையைத் தாண்டியது, மலைகளைத் தாண்டியது, வெளி மாநில ஊழியங்கள் வரை சென்றது. அதை எப்படிச் செலவிடுவது என்னும் அதிகாரம் மட்டும் அவர்களைத் தேடி வரவில்லை. ஈகையைப் பெண்பண்பு என்றும் நிர்வாகத்தை ஆண்பணி என்றும் பிரித்துவைத்துவிட்டு, அந்தப் பிரிவினையையே விசுவாச வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவது நேர்மையன்று.

அடுத்தது கல்விப்புலத்தின் வாசிப்பு. அதன்படி பிடியரிசி, காலனிய நவீனத்துவம் அடுக்களைக்குள் நுழைந்ததன் அடையாளம். சிக்கனம் மிஷனரிகள் கற்பித்த ஒழுக்கம். பெண்ணின் ஊதியமற்ற உழைப்பு சமய நிறுவனத்தின் மூலதனமாக மாற்றப்பட்டது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ‘பூஃபாய்’ என்ற சொல்லே அதற்குத் துணை நிற்கும். உமி நீக்கித் தூய்மையாக்கிய அரிசி என்பது அதன் பொருள். ‘தாம்’ என்பது கைப்பிடி. காணிக்கையாக வந்தது களத்து நெல்லன்று, உரலில் குத்தி உமி போக்கிய அரிசி. அந்தக் குற்றுழைப்பு பெண்ணுடையது. பெயரிலேயே பதிந்திருக்கும் அந்த உழைப்பைக் காணிக்கைக் கணக்குப் புத்தகம் எங்கும் காட்டுவதில்லை.

இதைவிடக் கூர்மையான ஐயம் ஒன்றும் உண்டு. பிடியரிசி மிச்சத்திலிருந்து எடுக்கப்படுவதன்று; உலைக்கு அளந்ததிலிருந்தே எடுக்கப்படுவது. ஆகவே அன்றைய சோறு ஒரு பிடி குறைகிறது. குறைந்தது யாருடைய தட்டில்? சமைத்தவளே கடைசியில் உண்ணும் வீட்டில் விடை வெளிப்படை. குடும்பத்தின் காணிக்கை என்று பதிவாவது ஒருத்தியின் அரைவயிறாக இருக்கக்கூடும். இக்கேள்வியை எழுப்பியவர்களைச் சமய விரோதிகள் என்று ஒதுக்கும் உரிமை எந்தச் சபைக்கும் இல்லை.

ஆயினும் கல்விப்புலம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அது சொல்வதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, சிக்கனத்தை மிஷனரிகள் கொண்டுவந்தார்கள் என்பது. லொரெயினும் சாவிட்ஜும் 1894இல் வருவதற்கு முன்பே மிசோ அடுக்களை சிக்கனத்தின் உச்சத்தில் இருந்தது. அடுப்புச் சாம்பலை நீரில் வடித்தெடுத்த காரநீர் கீரைக் குழம்பாகிய ‘பை’யில் சேர்ந்தது. பன்றிக் கொழுப்பைப் புளிக்கவைத்த ‘சௌம்’ சிறிதளவிலேயே ஒரு பானைக்கு மணம் தந்தது. அடுப்புக்கு மேலிருந்த பரணில் புகையூட்டிய இறைச்சி நாட்கணக்கில் நின்றது. எரிந்த விறகின் சாம்பலையும் புகையையும்கூட உணவாக்கத் தெரிந்த பெண்களுக்குச் சிக்கனம் கற்பிக்க வேல்ஸ் நாட்டிலிருந்து ஒருவர் வரவேண்டியிருக்கவில்லை.

மாறியது சிக்கனமன்று, மிச்சம் போகும் திசை. முன்பு உபரி அரிசியில் பெரும்பங்கு ‘சூ’ என்னும் அரிசி மதுவாகவும் விருந்தாகவும் ஆயிற்று. வரிசையாக விருந்துகள் அளித்தோ, வேட்டையில் குறித்த விலங்குகளை வீழ்த்தியோ ‘தாங்ச்சுவா’ என்னும் சிறப்பை ஆண் அடைந்தான். அச்சிறப்புப் பெற்றோர் செல்லும் மறுவுலகாகிய பியால்ராலில், உமி போக்கிய அரிசி உழைப்பின்றி ஆயத்தமாகக் கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. தினமும் உலக்கை பிடித்த கைகள் நிறைந்த ஒரு சமூகம் சொர்க்கத்தை இவ்வாறு கற்பனை செய்ததில் வியப்பில்லை. அந்தச் சொர்க்கத்துக்கான நுழைவை ஆணின் விருந்தும் வேட்டையும் தீர்மானித்த இடத்தில், தனக்கென்று ஒரு சமயச் செயலைப் பெண் அடுப்படியிலேயே நிகழ்த்தத் தொடங்கினாள். பெருவிருந்துக்குக் களஞ்சியம் வேண்டும். பிடியரிசிக்கு அன்றைய உலை போதும். செல்வமில்லாத வீட்டின் பெண்ணும், கணவனில்லாத பெண்ணும் சமயத்தில் பங்குபெறும் உரிமையை அது தந்தது. இந்த மாற்றத்தை ‘ஒழுங்குபடுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க இயலாது.

இரண்டாவது பிழை மாக்ஸ் வேபரை இங்கே பொருத்துவது. 1904-05இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற ஆய்வில் புராட்டஸ்டாண்டுச் சிக்கனம் மூலதனத் திரட்சியில் சென்று முடிகிறது: செலவிடாது சேமிப்பவன் சேமித்ததை முதலீடு செய்கிறான். பிடியரிசியில் சேமித்தவளுக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. எடுத்துவைத்த அரிசி சிலநாளில் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. இது சேமிப்பே அன்று. சேமிப்பின் முறையைக் கைக்கொண்ட ஈகை. ஐரோப்பியப் புராட்டஸ்டாண்டு வணிகனின் கணக்கேட்டை வைத்து மலைப்பெண்ணின் அரிசிக் கலத்தை வாசிக்கும் ஆய்வு, கோட்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டு பொருளை இழக்கிறது.

இப்படி இரு தரப்பும் தவறவிட்டது அந்தச் செயலின் உள்ளீடாகிய தீர்மானத்தை. நாளுக்கு இரு வேளை உலை என்று கொண்டால் ஆண்டுக்கு 730 முறை ஒரு பெண் கலத்தின் முன் நிற்கிறாள். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால் ஆண்டுக்கு 36.5 கிலோ. சபையின் அறிக்கை அந்த எடையை விலையாக்கிப் பதிகிறது. 730 தீர்மானங்கள் பதிவாவதில்லை. புது விளைச்சல் வந்த மாதத்தில் பிடி தளர்கிறது. கலத்தின் அடி தெரியும் மாதத்தில் இறுகுகிறது. எத்தனை பேர் உண்ண வருவார்கள், யாருக்குக் காய்ச்சல், அடுத்த அறுவடைக்கு எத்தனை நாள் என்பதையெல்லாம் அறிந்த ஒரே கை அது. அந்த அறிவோடு, அதையும் மீறி, ஒரு பிடியை எடுத்துவைப்பது விசுவாசத்தின் செயல். எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் கதையும் (1 இராஜாக்கள் 17) இதையே பேசுகிறது. பானையில் எவ்வளவு மாவு உண்டென்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தீர்க்கதரிசியிடம் அதை மறைக்காமல் சொல்கிறாள். சொன்ன பின்பே கொடுக்கிறாள். அவளது விசுவாசம் கணக்கறியாத பேதைமையன்று.

விசுவாச வளர்ச்சியை எழுப்புதல்களைக் கொண்டு அளப்பது மிசோ கிறிஸ்தவ வரலாற்றெழுத்தின் வழக்கம். 1906, 1913, 1919 ஆகிய எழுப்புதல் அலைகளே அதன் மைல்கற்கள். பறையும் பாட்டும் ஆட்டமும் கண்ணீருமாக வந்த அவ்வலைகளின் வலிமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அலைகள் தணிந்தன. இரண்டு அலைகளுக்கு நடுவே தொடங்கிய பிடியரிசி தணியவில்லை. தொடங்கிய மறு ஆண்டே மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சல் அழிந்த 1911-12இன் மவுத்தாம் பஞ்சம் வந்தது. 1959-60இல் மீண்டும் வந்தது. 1966இன் கிளர்ச்சிக்குப் பின் ஊர்கள் பெயர்க்கப்பட்டுக் குழுமக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டன. மக்கள் தம் மலைக்காடுகளை இழந்து பங்கீட்டு அரிசியைச் சார்ந்தனர். இத்தனைக்கும் பின் அவ்வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. நூறாண்டுக்கும் மேல் நீடித்த இந்த அன்றாடப் பழக்கத்தை விட்டுவிட்டு எழுப்புதல்களை மட்டும் எழுதும் வரலாறு, திருவிழாவை எழுதி வாழ்வை விட்டுவிடும் வரலாறு.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மிசோரம் தன் தேவைக்குப் போதுமான நெல்லை விளைவிப்பதில்லை. உலக்கை ஓய்ந்துவிட்டது. உலையில் விழுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அரிசி. அரிசியை எடுத்துவைத்து, சேகரித்து, விற்பதைவிட ஆண்டுக்கொரு முறை பணமாகவே கொடுத்துவிடலாமே என்னும் வாதம் நிர்வாக நோக்கில் சரியானதே. ஆயினும் அவ்வாறு மாற்றினால் தொகை குறையாது. 730 தீர்மானங்கள் ஒன்றாகச் சுருங்கும். அந்த ஒன்றையும் பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே எடுப்பார். சமையலறையிலிருந்து காசோலைக்கு மாறும் காணிக்கை, பெண்ணின் கையிலிருந்தும் பெரும்பாலும் மாறிவிடும்.

ஆகவே திருச்சபையின் முன் வைக்கவேண்டிய கோரிக்கை தெளிவானது. பிடியரிசியைப் பெருமையாகப் பேசும் சபை, அந்நிதியைப் பங்கிடும் அவைகளில் அதை எடுத்துவைப்போரைச் சம எண்ணிக்கையில் அமர்த்த வேண்டும். உக்கிராணத்துவம் என்னும் சொல்லுக்குக் கொடுக்கும் கடமை மட்டும் பொருளன்று. பொறுப்பேற்று நடத்தும் உரிமையும் அதில் அடங்கும். குடும்பத்தின் காணிக்கை என்று பெயரிட்டால் சோறு குறைவதையும் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கலத்தில் ஆண்களின் கையும் இறங்க வேண்டும்.

ஆய்வாளர் முன்னுள்ள கடமையும் அதற்குக் குறைந்ததன்று. வேல்ஸ் மிஷனரிகளின் ஆவணங்கள் ஆபெரிஸ்ட்வித் நகரின் தேசிய நூலகத்தில் உள்ளன. ஆய்வு மாணவர்கள் அங்கே செல்வதில் தவறில்லை. ஆனால் ஐசாலிலும் லுங்லேயிலும் அறுபது ஆண்டுகளாக அரிசி அளந்த மூதாட்டிகள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் பிடியின் அளவு என்னவாயிற்று, எடுக்காத நாளில் என்ன நினைத்தாள், அன்று யார் குறைவாக உண்டார், கலம் நிறைந்தபோது அது தன்னுடையதாகத் தோன்றியதா, சபையினுடையதாகத் தோன்றியதா என்று அவர்களிடம் கேட்கலாம். ஆவணக்காப்பகம் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். இவர்களால் காத்திருக்க இயலாது.