நடக்க மறந்த கூட்டம்

ஆயிரம் பேர் கூடும் இடத்தில் வைஃபை தாக்குப்பிடிக்குமா? சோதித்துப் பார்க்க ஆயிரம் பேரை அழைத்து, ஆளுக்கொரு கைப்பேசி கொடுத்து நடக்கவிடவா முடியும்? பொறியாளர்கள் அந்தக் கூட்டத்தைக் கணினிக்குள்ளேயே நடக்கவிடுகிறார்கள். சிமுலேஷன் என்பது அதுதான்.

இந்த மென்பொருளை ஒவ்வொருவரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. ஆட்களை நடத்த ஒரு பாகம், தூரத்துக்கேற்ப சிக்னல் குறைவதைக் கணக்கிட இன்னொன்று எனத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2008இல் முதல் பதிப்பு வந்த ‘என்எஸ்-3’ அப்படிப்பட்டதுதான். நடையைத் தொடாமல் சிக்னல் பாகத்தை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இலவசம் வேறு!

வேலை மிச்சம்தான். ஆனால் இரவல் பாகத்தோடு, அதை எழுதியவரின் அனுமானமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஆய்வாளர்கள் பலர் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய ஒரு நடைப் பாகம் உண்டு. ‘ரேண்டம் வேபாயிண்ட்’ என்பது அதன் பெயர். ஒவ்வொருவரும் ஏதோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, பூஜ்யத்துக்கும் உச்ச வேகத்துக்கும் இடையில் ஏதோ ஒரு வேகத்தில் போவார். சேர்ந்ததும் அடுத்த இடம், புது வேகம். குறை சொல்ல என்ன இருக்கிறது?

இருந்தது. 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் அதைக் காட்டினார்கள். வேகமாகப் போகிறவர் சீக்கிரம் சேர்ந்து மறுபடி சீட்டு எடுக்கிறார். ஆமை வேகம் விழுந்தவரோ போய்ச் சேருவதே இல்லை. நேரம் போகப் போக ஆமைகள் பெருகி, சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. அசையாத கூட்டத்தில் இணைப்பு அறுவதும் குறைவு. அந்தப் பெருமை புதிய தொழில்நுட்பத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

வானொலியில் பழைய விளம்பரத்தை மறுபடி ஒலிபரப்பி, அதில் தொலைபேசி எண் மாறியிருந்தால் நேயர் ஒருவர் உடனே அழைத்துச் சொல்லிவிடுவார். சிமுலேஷனுக்கு அப்படி நேயர்கள் இல்லை.

தீர்வு சின்னது: குறைந்தபட்ச வேகம் பூஜ்யமாக இருக்கக்கூடாது. என்எஸ்-3இல் இதே பாகம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், வினாடிக்கு 0.3 முதல் 0.7 மீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. கைப்பேசியைப் பார்த்தபடி கடைத்தொகுதியில் நடப்பவருக்கு அது சரி. காலை எட்டரை மணி ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டிக்குப் பொருந்துமா? நல்லவேளை, அந்த எண்ணை ஒளித்து வைக்கவில்லை. ஒரு வரியில் மாற்றலாம். நல்ல பாகம் என்று நான் சொல்வது இதைத்தான். பல்தொழிற்கல்லூரியில் இந்த வருடம் இறுதித் திட்டப்பணி செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வரியில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.