இளைத்தால் நல்லதா?



"உன் சம்சாரம் இளைத்துவிட்டாளே, நல்லதுதானே? இனிப்பு நீர்க்காரர்களை இளைக்கத்தானே டாக்டர் சொல்கிறார்!" பெரட்டுக் களத்திலும் கடை வாசலிலும் இப்படி ஆறுதல் கூறுவோர் பலர். இது ஆறுதல் அல்ல; ஆளைக் கொல்லும் பேச்சு.

உணவைக் குறைத்து, நடந்து, முயன்று இளைப்பது வேறு. வயிறார உண்டும் உடம்பு உருகுவது வேறு. கணையம் சுரக்கும் இன்சுலின் போதாதபோது இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய முடியாமல் சிறுநீரோடு கழிகிறது. பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தானே தின்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவர், முயலாமலே ஆறு மாதம் ஓராண்டுக்குள் இரண்டரைக் கிலோ இழந்தால் காரணம் தேட வேண்டும். மாத்திரையோடு திருப்பி அனுப்பினால் கணவன் விடக்கூடாது. இன்சுலின் அடியோடு வற்றும் வகையா? தைராய்டா? காச நோயா? (இனிப்பு நீர் உள்ளவரைக் காசம் எளிதில் பற்றும்.) அறுபதைத் தாண்டியவராயின் கணையத்தில் கட்டி உண்டா? கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கண்டால் மறுநாள் என்று காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

"ஊசி போட்டால் கடைசிக் கட்டம்" என்பது இன்னொரு புரளி. டொராண்டோவில் 1921இல் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் முன், எலும்பும் தோலுமாய் மாண்ட குழந்தைகள் எத்தனையோ. அடுத்த ஆண்டே ஊசி போட்டு அப்படிப்பட்டவர்களை எழுப்பி உட்கார வைத்தனர். அந்த மருந்தைக் கடைசி என்பதா?

"வாயைக் கட்டவில்லை, வந்தது" என்று பெண்ணின் மேல் பழி போடுவோரும் உண்டு. சுகாதார அமைச்சின் 2019 ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய். இந்தியரிடையே நூற்றுக்கு 31. இத்தனை பேரும் லட்டு தின்றா இதை வாங்கினார்கள்? பழி சொல்லும் கணவன் அவள் தட்டுக்குக் காவல் நிற்பான். தனக்கு மட்டும் பால்டின்னைக் கவிழ்த்துத் தேநீர் கலப்பான்! வீட்டில் ஒரே உலை வையுங்கள். அவளுக்கு ஆகாதது உமக்கும் ஆகாது.

இனி நிர்வாகத்தின் பக்கம் வருவோம். விடியுமுன் பால் வெட்டப் போகிறவள் ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு காட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கத்து நிறையில் வெட்டும் ஆளுக்கு இது தெரிந்திருக்கிறதா? மண்டோருக்கு?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளியின் சொந்த நோய்க்குச் சேவைக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஏழு நாள் என்று 2023 ஜனவரி முதல் வந்தது. அதுவும் போராடிப் பெற்றதே. நோயுற்ற மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவனுக்கோ அச்சட்டத்தில் தனி விடுப்பு ஒரு நாளும் இல்லை. ஆண்டு விடுப்பு தீர்ந்தால் செக்ரோலில் "வரவில்லை" என்று எழுத வேண்டியதுதான். எழுதுவது எங்களைப் போன்ற கிராணிகளின் கை. அந்தக் கைக்கு மனம் இல்லையா என்று கேட்காதீர்கள்; அதை மாற்றி எழுதும் அதிகாரம் இல்லை. அதிகாரம் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வாருங்கள்: மனைவி அல்லது கணவனோடு சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம், ஊசி போடுவோர் வெட்டுக்கு முன் உண்ண நேரம், ஒவ்வொரு மண்டோரிடமும் சீனிப் பொட்டலம். சீனிக்குமா துரைமார் கணக்குப் பார்ப்பார்கள்? பார்த்தால் அதையும் இந்தப் பத்திரிகையில் எழுதுவோம்.