அரியலூர்த் தூசியும் அட்டைப்பெட்டிக் கணக்கும்

ரோபோ வாக்யூம் அட்டைப்பெட்டிகளில் ‘180 நிமிடம் ஓடும்’ என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது மிகக் குறைந்த உறிஞ்சு வேகத்தில், வழவழப்பான வெறுந்தரையில் ஓடவிட்டு எடுத்த கணக்கு. அரியலூரில் ஆலைச் சாலையோர வீடுகளில் அப்படியொரு தரை காலையில் இருக்கும், மதியம் இருக்காது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் ஓடும் லாரிகள் கிளப்பும் மாவுத்தூசி, ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அது வடிகட்டியை அடைக்கும், இழுப்பு குறையும், நாம் வேகத்தைக் கூட்டுவோம். பேட்டரி பாதி நேரத்திலேயே படுத்துவிடும்.

பெரம்பலூர்ப் பக்கம் தொல்லை வேறு. சின்ன வெங்காயச் சருகும் பருத்திப் பஞ்சும் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறி மின்சாரத்தைக் குடிக்கும். பழைய வீட்டு நிலைப்படியோ, பல மாடல்கள் தாண்டும் 2 சென்டிமீட்டரைவிட உயரம். அறைக்கு அறை தூக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். (அந்த ஆள் கையில் துடைப்பத்தையே கொடுத்துவிடலாமே!)

கடைக்காரரிடம் நிமிடக் கணக்கு கேட்பது வீண். முழு வேகத்தில் ஒரே சார்ஜில் எத்தனை சதுர அடி கூட்டும் என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெக்கை ஆகாது. நம்மூர்க் கோடையில் அது சீக்கிரமே தேயும். அப்போது மாற்று பேட்டரி திருச்சியிலாவது கிடைக்குமா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.